மலைச் சொத்து வாரிசுக்குப் போகும்போது: எந்த வரி வரும், எதை இப்போதே குறைக்கலாம்?

2024 ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் நடந்துகொண்டிருந்தபோது, அமெரிக்காவில் இருக்கும் வாரிசு வரியைப் பற்றி காங்கிரஸ் பிரமுகர் சாம் பித்ரோடா சொன்ன ஒரு பதில் நாடு முழுக்க விவாதமானது. அன்றிலிருந்து ஒவ்வொரு பட்ஜெட்டுக்கு முன்பும் “வாரிசு வரி திரும்ப வரப்போகிறது, சொத்தை உடனே பிள்ளைகள் பேருக்கு மாற்றிவிடுங்கள்” என்ற வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. நீலகிரியில் இதற்குக் கூடுதல் வேகம் உண்டு. வேலை ஓய்வுக்குப் பிறகு குன்னூரிலும் கோத்தகிரியிலும் வீடு வாங்கிக் குடியேறியவர்கள், ஐந்து ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர்கள், பிள்ளைகளை நியூஜெர்சிக்கும் லண்டனுக்கும் அனுப்பியவர்கள் என்று, செய்தியைப் படித்ததும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கிளம்பக்கூடியவர்கள் இங்கே நிறைய.

அந்த அவசரத்தில் எழுதும் பத்திரம்தான் பல குடும்பங்களுக்கு வரியைக் கொண்டுவருகிறது. அது எப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

இந்தியாவில் இறப்புக்கு வரி உண்டா?

இன்றைக்கு இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. 1953-ல் எஸ்டேட் டியூட்டி சட்டம் வந்தது. ஒருவர் இறந்தால் அவர் விட்டுச்சென்ற மொத்தச் சொத்தின் மதிப்பைக் கணக்கிட்டு, வாரிசு கைக்குப் போகும் முன் அரசு தன் பங்கை எடுத்துக்கொள்ளும். 20 லட்சம் ரூபாயைத் தாண்டிய பகுதிக்கு 85 சதவீதம் வரை வரி இருந்தது. ஆனால் வசூல் சொற்பம். 1985 பட்ஜெட்டில் நிதியமைச்சர் வி.பி.சிங், இந்த வரியால் கிடைப்பது சுமார் 20 கோடி ரூபாய்தான், வசூலிக்கும் செலவோ அதிகம் என்று சொல்லி அதை நீக்கினார். 1985 மார்ச் 16-ம் தேதியிலிருந்து நிகழ்ந்த இறப்புகளுக்கு அந்த வரி கிடையாது.

அதோடு சேர்ந்திருந்த மற்ற இரண்டும் போய்விட்டன. கொடுப்பவர் மீதான கொடை வரி 1998 அக்டோபர் 1 முதல் இல்லை. செல்வ வரி 2015 பட்ஜெட்டில் ரத்தானது.

நாளைக்குத் திரும்ப வந்தால்? அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையைப் பார்த்தால் மலைக்காரர்களுக்கு ஒரு சுவாரசியமான விஷயம் கிடைக்கும். விவசாய நிலம் அல்லாத சொத்தின் மீதான எஸ்டேட் டியூட்டி மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. விவசாய நிலத்தின் மீதானது மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆக, டெல்லியில் ஒரு சட்டம் போட்டாலும் பங்களாவும் வங்கிக் கணக்கும் பங்குகளும் அதில் சிக்கும். தேயிலை நிலத்தைத் தொட மாநிலத்தின் சம்மதம் வேண்டும்.

இன்னொன்று. பழைய சட்டத்தில், இறப்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்த கொடையும் இறந்தவர் சொத்தாகவே கணக்கிடப்பட்டது. பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அதே வீட்டில் முன்போலவே அனுபவித்துக்கொண்டிருந்தால் அதுவும் அப்படித்தான். பிரிட்டனில் இன்றும் ஏழு ஆண்டுக் கணக்கு இருக்கிறது. வரி வந்தபின் அவசரமாக எழுதுவதும், வருமோ என்ற பயத்தில் இன்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவதும் இரண்டுமே நல்ல திட்டம் ஆகாது.

அப்படியானால் வாரிசுக்கு எங்கே வரி வருகிறது?

சொத்து கைமாறும்போது வருவதில்லை. வாரிசு அதை விற்கும்போது வருகிறது. அதன் அடிப்படை நான்கு விதிகள்தான். (2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டதால் எண்களை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.)

1. உயில் மூலமோ வாரிசுரிமை மூலமோ வரும் சொத்துக்கு, பெறுபவர் யாராக இருந்தாலும், வருமான வரி இல்லை.

2. உயிரோடு இருக்கும்போது கொடுக்கும் கொடைக்கு, பெறுபவர் சட்டம் சொல்லும் ‘உறவினர்’ ஆக இருந்தால் வரி இல்லை. மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், மருமகன், மருமகள் எல்லாம் இதில் அடக்கம். பெரியப்பா, சித்தப்பா, மாமா கொடுத்தால் பெறுபவருக்கு வரி இல்லை. அதுவே சித்தப்பாவுக்கு அண்ணன் மகன் கொடுத்தால் வரி உண்டு. ஒன்றுவிட்ட சகோதரர்கள் பட்டியலிலேயே இல்லை. உறவினர் அல்லாதவரிடமிருந்து வருவது ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுவதும் பெறுபவரின் வருமானம்.

3. வாரிசு பிற்காலத்தில் விற்றால், அவருடைய ‘வாங்கிய விலை’ என்பது அப்பாவோ தாத்தாவோ வாங்கிய விலைதான். எத்தனை வருடம் வைத்திருந்தார் என்பதும் அவர்கள் காலத்திலிருந்தே எண்ணப்படும். இறந்த நாளின் சந்தை மதிப்புக்கு இந்தியச் சட்டத்தில் வேலை இல்லை.

4. 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய சொத்தானால், வாங்கிய விலைக்குப் பதிலாக அந்தத் தேதியின் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். நிலம், கட்டடம் என்றால் அது அன்றைய வழிகாட்டி மதிப்பை (பத்திரப் பதிவுக்கு அரசு வைத்த மதிப்பை) தாண்டக் கூடாது.

மூன்றாவதும் நான்காவதும்தான் பணம் புரளும் இடம்.

ஒரு குன்னூர் வீட்டின் கணக்கு

ஒருவர் 1985-ல் 3 லட்சம் ரூபாய்க்கு ஒரு வீட்டை வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். 2001-ல் அதன் மதிப்பு 20 லட்சம். அவர் காலத்துக்குப் பிறகு மகள் அதை 2025-26-ல் 1 கோடியே 20 லட்சத்துக்கு விற்கிறார்.

2024 ஜூலை 23-க்குப் பிறகு நீண்டகால மூலதன ஆதாய வரி, அதாவது விற்ற லாபத்தின் மீதான வரி, 12.5 சதவீதம். பணவீக்கச் சலுகை கிடையாது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் வாங்கிய நிலத்துக்கும் கட்டடத்துக்கும், இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும், பழைய முறையும் ஒப்பிட்டுப் பார்க்கப்படும்: பணவீக்கக் குறியீட்டால் விலையை உயர்த்திக்கொண்டு 20 சதவீதம். எது குறைவோ அதைக் கட்டினால் போதும். 2001-02-ன் குறியீடு 100, 2025-26-க்கு 376.

1. 2001 மதிப்புக்கு ஆதாரம் இருக்கிறது, மகள் கோயம்புத்தூரில் வசிக்கிறார்: 20 லட்சம் 75.2 லட்சமாக உயர்கிறது. ஆதாயம் 44.8 லட்சம். 20 சதவீத வரி 8.96 லட்சம்.

2. ஆதாரம் இருக்கிறது, மகள் வெளிநாட்டில் வசிக்கிறார்: பழைய முறை அவருக்குக் கிடையாது. ஆதாயம் 1 கோடி. வரி 12.5 லட்சம்.

3. ஆதாரம் எதுவும் இல்லை, 1985 பத்திரம் மட்டும் இருக்கிறது: ஆதாயம் 1 கோடியே 17 லட்சம். 12.5 சதவீதத்தில் வரி 14.62 லட்சம்.

இந்த வரியின் மேல் வரும் செஸ், சர்சார்ஜ் தனி. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் வித்தியாசம் ஐந்தரை லட்சத்துக்கு மேல். இதைத் தீர்மானிப்பது ஒரு மதிப்பீட்டுச் சான்றிதழ். பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் 2001 ஏப்ரல் 1-ம் தேதிக்கான மதிப்பைக் கணக்கிட்டு வாங்கி, அன்றைய வழிகாட்டி மதிப்பின் நகலோடு மூலப் பத்திரக் கோப்பில் வைத்தால் வேலை முடிந்தது. எந்த ஆண்டு எந்த அறை கட்டியது, பழைய ஓட்டுக்கூரை எப்போது மாறியது என்பதெல்லாம் கட்டியவருக்குத்தான் தெரியும். அவர் இருக்கும்போதே இதை வாங்கிவிட வேண்டும்.

மலையில் இன்னொரு செலவும் கணக்கில் வரும். 2001-க்குப் பிறகு செய்த நிரந்தர மேம்பாடுகளை அடக்க விலையோடு சேர்க்கலாம். 2009 நவம்பர் மண்சரிவுக்குப் பிறகு குன்னூர், கேத்தி பக்கம் எத்தனையோ பேர் புதிதாகக் கருங்கல் தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். சில இடங்களில் வீட்டு விலையில் பாதி அந்தச் சுவருக்கே போயிருக்கும். அந்த பில், கல் லோடு ரசீது, மேஸ்திரிக்குக் கொடுத்த காசோலை விவரம் எல்லாம் வாரிசின் வரியைக் குறைக்கும் காகிதங்கள். வருடா வருடம் அடிக்கும் பெயின்ட்டும் ஒழுகல் ரிப்பேரும் இதில் சேராது.

வாரிசுகள் இரண்டு மூன்று பேர் என்றால் ஆதாயமும் பிரிந்துவிடும். ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஆறு மாதத்துக்குள் 50 லட்சம் வரை குறிப்பிட்ட அரசு நிறுவனக் கடன் பத்திரங்களில் போட்டு வரிவிலக்குக் கேட்கலாம், அல்லது வேறு வீடு வாங்கலாம். ஒரே பிள்ளை பேரில் எழுதி, விற்ற பிறகு ‘நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லும் வழக்கம் இந்த வாய்ப்பை வீணாக்குகிறது.

தேயிலை நிலத்துக்கு வேறு அளவுகோல்

கிராமப்புற விவசாய நிலம் ‘மூலதனச் சொத்து’ என்ற வரையறைக்குள்ளேயே வராது. அதை வாரிசு எவ்வளவுக்கு விற்றாலும் ஆதாய வரி இல்லை. எது கிராமப்புறம் என்பதற்கு அளவு உண்டு. 10,000 அல்லது அதற்கு மேல் மக்கள்தொகை உள்ள நகராட்சி அல்லது பேரூராட்சி எல்லைக்குள் இருக்கக் கூடாது. எல்லைக்கு வெளியே என்றாலும், மக்கள்தொகை 1 லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர், 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். தூரம் சாலை வழியாக அல்ல, நேர்கோட்டில். கொண்டை ஊசி வளைவுகளில் ஆறு கிலோமீட்டர் சுற்றிப் போகும் தோட்டம் வரைபடத்தில் ஒன்றரை கிலோமீட்டரில் இருக்கலாம். மலையில் பலரும் தப்புக் கணக்குப் போடுவது இங்கேதான்.

2011 கணக்கெடுப்பில் உதகையின் மக்கள்தொகை 88,430, குன்னூர் 45,494. அதனால் இப்போதைக்கு இரண்டுக்கும் 2 கிலோமீட்டர் வட்டம். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்கள் வெளியாகும்போது உதகை 1 லட்சத்தைத் தாண்டியிருந்தால், பக்கத்து ஊர்களைச் சேர்த்துக்கொண்டதால் தாண்டினாலும் சரி, வட்டம் 6 கிலோமீட்டராகிவிடும். இன்று வரியில்லாத எத்தனையோ தேயிலைத் தோட்டங்கள் ஒரே நாளில் வரிக்குள் வரும். விற்பது என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட குடும்பம் கவனிக்க வேண்டிய தேதி அதுதான்.

இந்த விலக்கு, நிலத்தில் உண்மையில் விவசாயம் நடந்தால்தான். பச்சைத் தேயிலை போட்ட ரசீது, தொழிற்சாலை உறுப்பினர் புத்தகம், அடங்கல் நகல் இவைதான் சாட்சி. செடியைக் காடாக விட்டுவிட்டு மனையாகப் பிரித்து விற்றால் விலக்கு நிற்காது.

உயிலா, செட்டில்மெண்ட் பத்திரமா?

‘வரி வரும் முன் எழுதிவிடுங்கள்’ என்ற அறிவுரை எப்போதும் செட்டில்மெண்ட் பத்திரத்தில்தான், அதாவது உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுத்துவிடும் பத்திரத்தில்தான், போய் நிற்கும். ஒப்பிட்டுப் பார்ப்போம்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவும் கட்டாயமில்லை, ஆனால் பதிவு செய்வது நல்லது. இரண்டு சாட்சிகள் வேண்டும், சொத்து பெறுபவர் சாட்சியாக இருக்கக் கூடாது. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

தமிழ்நாட்டில் பெற்றோர் பிள்ளைகளுக்கு எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை சந்தை மதிப்பில் 1 சதவீதம். 2023 ஜூலை முதல் உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் என்பதோடு பார்த்தால் இது மிகவும் மலிவு. இந்த மலிவுதான் தூண்டில்.

மலிவுக்குப் பின்னால் மறைந்திருக்கும் விஷயங்கள் இவை:

1. செட்டில்மெண்டை நினைத்தபடி ரத்து செய்ய முடியாது. பெற்றோரைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தில் இருந்து, அது மீறப்பட்டால், 2007-ம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் ரத்து கேட்கலாம். அதனால் அந்த நிபந்தனையை எழுத்தில் போடாமல் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்து வேண்டாம். ஆயுட்கால அனுபவ உரிமையையும் வைத்துக்கொள்ளலாம். ‘நம்ம பையன்தானே’ என்று பத்திர எழுத்தர் சொல்வதைக் கேட்டு இந்த வாசகத்தை விட்டுவிட்டவர்கள் மலையில் குறைவில்லை.

2. மனைவிக்கோ மருமகளுக்கோ கொடுத்தால், அந்தச் சொத்திலிருந்து வரும் வாடகையும் வட்டியும் கொடுத்தவர் வருமானத்தோடுதான் சேரும். பெயர் மாறும், வரி மாறாது. மகனுக்கோ மகளுக்கோ, அவர்கள் வயது வந்தவர்கள் என்றால், இந்தச் சேர்ப்பு இல்லை.

3. உறவினர் அல்லாதவருக்குக் கொடுக்கும்போது வித்தியாசம் மலையளவு. வயதான தம்பதிக்கு இருபது வருடமாகத் துணை இருந்த பணியாளருக்கு, தோட்டத்து மூலையில் இருக்கும் சின்ன வீட்டைக் கொடுக்க நினைக்கிறார்கள். செட்டில்மெண்ட் எழுதினால் 7 சதவீத முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், அதற்கு மேல் வழிகாட்டி மதிப்பு முழுவதும் அந்தப் பணியாளரின் அந்த ஆண்டு வருமானம். உயிலில் எழுதினால் இதில் எதுவுமே இல்லை.

உயில் எழுதாமல் போனால்? இந்து ஆண் என்றால் மனைவி, பிள்ளைகள், தாய் எல்லோருக்கும் சம பங்கு. பெண் பிள்ளைகளுக்குக் கட்டாயம் உண்டு. தமிழ்நாட்டில் 1989 திருத்தத்திலிருந்தே கூட்டுக் குடும்பச் சொத்திலும் உரிமை வந்துவிட்டது. இஸ்லாமியர் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர் போன்ற பழங்குடியினருக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது. அவரவர் வழக்கம்தான் செல்லும்.

வங்கியிலும் மியூச்சுவல் ஃபண்டிலும் நாமினி போட்டாயிற்றே என்று பலர் உயிலை விட்டுவிடுகிறார்கள். நாமினி பணத்தை வாங்கிக் கொடுக்கும் பொறுப்பாளர்தான், உரிமையாளர் அல்ல. பங்குகள் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் இதை மறுபடி உறுதி செய்திருக்கிறது.

பிள்ளை வெளிநாட்டில் இருந்தால்

இந்த இடத்தில் செட்டில்மெண்ட் பத்திரம் வெறும் தவறான தேர்வு மட்டுமல்ல, சட்டத்தையே மீறிவிடலாம்.

அந்நியச் செலாவணி விதிகளின்படி, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியரோ, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்று ஓசிஐ அட்டை வைத்திருப்பவரோ, விவசாய நிலத்தையும் தோட்டத்தையும் பண்ணை வீட்டையும் விலைக்கு வாங்க முடியாது. அப்பா கொடுத்தாலும் கொடையாக வாங்கவும் முடியாது. ஆனால் வாரிசாகப் பெறலாம். அதாவது அதே ஐந்து ஏக்கர் தேயிலையை நியூஜெர்சியில் இருக்கும் மகளுக்கு இன்று செட்டில்மெண்டாக எழுதினால் விதிமீறல். உயிலில் எழுதினால் முறையானது. பிறகு அவர் விற்பதானால் இந்தியாவில் நிரந்தரமாக வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கே விற்க வேண்டும். வீடு, அடுக்ககம் என்றால் பெற்றோர் கொடுக்கும் கொடைக்கு இந்தத் தடை இல்லை.

அமெரிக்கா என்றால் இன்னொரு காரணமும் உயில் பக்கம் சாய்கிறது. அமெரிக்க வரிச் சட்டத்தில், இறப்பின் வழியாக வந்த சொத்தின் அடக்க விலை, இறந்த நாளின் சந்தை மதிப்புக்கு உயர்த்தப்படும். இந்தியாவில் இருந்து வந்த சொத்துக்கும் இது பொருந்தும். உயிரோடு இருக்கும்போது கொடையாகக் கொடுத்தால் அப்பாவின் பழைய விலையே தொடரும். மேலே சொன்ன குன்னூர் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் குடிமகளான மகள் அதைக் கொடையாகப் பெற்று விற்றால், அமெரிக்கக் கணக்கில் வாங்கிய விலை 1985-ன் 3 லட்சத்திலிருந்து தொடங்கும். 2001 மதிப்பு என்ற சலுகையை அங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை. உயிலில் பெற்று சில மாதத்தில் விற்றால் அங்கே ஆதாயம் ஏறக்குறைய பூஜ்யம். இந்திய வரி மட்டும் கட்டினால் போதும்.

அப்புறம் நடைமுறை:

1. அமெரிக்காவில் இருப்பவர் வெளிநாட்டவரிடமிருந்து ஓர் ஆண்டில் 1,00,000 டாலருக்கு மேல் கொடையோ வாரிசுச் சொத்தோ பெற்றால் வரி இல்லை, ஆனால் படிவம் 3520-ல் தெரிவித்தே ஆக வேண்டும். தவறினால் அபராதம் மாதத்துக்கு 5 சதவீதம் என்று 25 சதவீதம் வரை போகும்.

2. வெளிநாட்டில் வசிப்பவர் இங்கே விற்கும்போது, வாங்குபவர் வரியைப் பிடித்துக்கொண்டுதான் பணம் தருவார். ஆதாயத்தின் மேல் அல்ல, பெரும்பாலும் மொத்த விலையின் மேல். குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை வருமான வரி அலுவலரிடம் முன்கூட்டியே வாங்கினால் பல லட்சம் முடங்காது. சான்றிதழ் கையில் வந்த பிறகே கிரயத் தேதி குறிக்க வேண்டும்.

3. வாரிசாக வந்த சொத்தை விற்ற பணத்தை ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை வெளியே கொண்டுபோகலாம்.

கைப்பேசியில் வாங்கிய அமெரிக்கப் பங்குகள்

இந்தியாவில் இறப்பு வரி இல்லை என்பதால் நமக்கு எங்குமே இல்லை என்று அர்த்தமல்ல. நீலகிரியில் வசிக்கும் இந்தியர் ஒருவர் வெறும் செயலி வழியாக அமெரிக்க நிறுவனப் பங்குகள் வாங்கியிருக்கலாம். ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரிடம் கம்பெனி கொடுத்த பங்குகள் இருக்கலாம். அந்தப் பங்குகளை அமெரிக்கா தன் நாட்டில் உள்ள சொத்தாகவே பார்க்கிறது.

அமெரிக்கர்களுக்கு 2026-ல் 1.5 கோடி டாலர் வரை எஸ்டேட் வரி விலக்கு. செய்திகளில் வருவது இந்த எண்தான். அமெரிக்காவில் வசிக்காத, அந்நாட்டுக் குடிமகன் அல்லாத ஒருவருக்கு விலக்கு 60,000 டாலர் மட்டுமே. அதைத் தாண்டினால் இறந்த ஒன்பது மாதத்துக்குள் படிவம் 706-என்ஏ போட வேண்டும். வரி விகிதம் படிப்படியாக 40 சதவீதம் வரை ஏறும். 2,00,000 டாலர் மதிப்புள்ள பங்குகள் இருந்தால் வரி 41,800 டாலர். இன்றைய மதிப்பில் 35 லட்சம் ரூபாயைத் தாண்டும். மனைவிக்குப் போனாலும், அவர் அமெரிக்கக் குடிமகள் இல்லையென்றால், அங்குள்ள கணவன்–மனைவி விலக்கு நேரடியாகக் கிடைக்காது. அமெரிக்காவோடு இந்தியாவுக்கு எஸ்டேட் வரி ஒப்பந்தம் எதுவும் இல்லை.

‘முன்கூட்டித் திட்டமிட்டு எஸ்டேட் வரியைக் குறைப்பது’ என்ற வாசகம் நம் ஊர்க்காரருக்கு உண்மையிலேயே பொருந்துவது இந்த ஒரு இடத்தில்தான். வழிகள் எளிமையானவை. அமெரிக்கச் சந்தையில் முதலீடு வேண்டும் என்றால் இந்திய மியூச்சுவல் ஃபண்ட் வழியாகவோ, அயர்லாந்தில் பதிவான ஃபண்ட் வழியாகவோ வாங்கினால் அது அமெரிக்கச் சொத்து ஆகாது. ஏற்கெனவே நேரடிப் பங்குகள் இருந்தால் அளவை 60,000 டாலருக்குள் வைத்துக்கொள்ளலாம். உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகளுக்குப் பங்குகளைக் கொடையாக மாற்றலாம்: அமெரிக்கர் அல்லாதவர் கொடுக்கும் பங்குக் கொடைக்கு அமெரிக்கக் கொடை வரி இல்லை. அங்குள்ள வீடு, நிலத்துக்கு இந்தச் சலுகை கிடையாது.

பிரிட்டனில் வாரிசு வரி 40 சதவீதம். 3,25,000 பவுண்டு வரை விலக்கு. 2025 ஏப்ரல் 6 முதல், கடந்த 20 வரி ஆண்டுகளில் 10 ஆண்டு அங்கே வசித்தவரின் உலகச் சொத்து முழுவதும் கணக்கில் வரும். நீலகிரியில் வாழ்ந்து மறையும் பெற்றோரின் இந்தியச் சொத்து லண்டன் மகனுக்குப் போவதில் பிரச்சினை இல்லை. பெற்றோரே மகனோடு போய்க் குடியேறிப் பத்து ஆண்டு ஆகும்போதுதான் கேள்வி எழும். 1956-ல் இந்தியாவும் பிரிட்டனும் போட்ட எஸ்டேட் வரி ஒப்பந்தம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது, அது காப்பாற்றக்கூடும். அந்த ஒப்பந்தத்தின் பெயரைச் சொல்லி ஆலோசகரிடம் கேளுங்கள், எல்லோருக்கும் அது நினைவில் இருக்காது.

டிரஸ்ட் போட வேண்டுமா?

வாரிசு வரி பயத்தைக் காட்டித் தனியார் அறக்கட்டளை அமைத்துத் தரும் விளம்பரங்கள் இப்போது அதிகம். ஒரு வீடு, கொஞ்சம் தேயிலை, வங்கி வைப்பு என்ற அளவில் இருக்கும் குடும்பத்துக்கு இது தேவையில்லை என்பது என் கணிப்பு. யாருக்கு எவ்வளவு பங்கு என்று குறிப்பிடாத டிரஸ்டின் வருமானத்துக்கு உச்ச விகிதத்தில் வரி போடுவார்கள். தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால் மட்டும் டிரஸ்ட் அருமையான கருவி. அதற்குக் காரணம் வரி அல்ல.

எழுதும் முன் பட்டாவைப் பாருங்கள்

வரிக் கணக்கு எல்லாம் சரியாகப் போட்டும் வாரிசு விற்க முடியாமல் நிற்பது நீலகிரியில் சாதாரணம். கோத்தகிரி, குந்தா பக்கத்து ஹட்டிகளில் (படகர் ஊர்களில்) தாத்தா பெயரிலேயே கூட்டுப் பட்டா ஓடிக்கொண்டிருக்கும். அனுபவத்தில் ஆளுக்கு ஒரு பாத்தி, ஆவணத்தில் பதினைந்து பேர். தலைமுறை தாண்டத் தாண்ட வாரிசுச் சான்றிதழ் நீளும். உடன்பிறந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதி, உட்பிரிவு செய்து, தனிப் பட்டா வாங்கிவிட்டால் அடுத்த தலைமுறைக்கு மிச்சமாவது பல லட்சம்.

கூடலூர், பந்தலூரில் சிக்கல் இன்னும் ஆழம். 1969-ம் ஆண்டு கூடலூர் ஜன்மம் (பரம்பரை நிலவுடைமை) எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் 1974-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் 17-வது பிரிவில் வரும் குத்தகை நிலங்களில் இருப்பவர்களுக்கு இன்றுவரை பட்டா கிடைக்கவில்லை. அந்த நிலத்தை ‘என் சுயார்ஜித சொத்து’ என்று உயிலில் எழுதினாலும், அனுபவத்தில் இருப்பதைத் தவிர வேறு எதுவும் வாரிசுக்குப் போகாது. மற்ற பிள்ளைக்கு ஈடாகப் பட்டா நிலத்தைக் கொடுத்துவிட்டு ஒரு பிள்ளைக்கு இதைச் சமமாக எண்ணி எழுதுவது அநியாயமாக முடியும். சீகூர் யானை வழித்தடத்துக்குள் இருக்கும் நிலமும் அப்படித்தான். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த வழித்தட அறிவிப்பை உறுதி செய்த பிறகு அங்கே சந்தை விலை என்று ஒன்றைச் சொல்வதே கடினம். 1949-ம் ஆண்டு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட நிலமானால், விற்க மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் முன் அனுமதி வேண்டும்.

ஆகவே உயில் வாசகம் எழுத உட்காரும் முன், ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா மூன்றையும் எடுத்து, எந்த நிலத்துக்கு எந்தச் சட்டம் பொருந்துகிறது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.